மதர்போர்டு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரையாவது நிறுத்தி, "உங்க ப்ராஸஸர் என்ன சார்?" என்று கேளுங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஐ5!" என்பார். "ராம் எவ்வளவு?" "எட்டு ஜி.பி.!" சரி, "மதர்போர்டு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். 'நம்ம கல்யாண நாள் என்னிக்கு?' என்று மனைவி திடீரென்று கேட்ட மாதிரி முழிப்பார்.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் "சார் எங்கே வேலை பார்க்கிறார்? பையன் என்ன படிக்கிறான்?" என்றுதான் விசாரிக்கிறார்கள். யாருக்கு எப்போது டிபன், கேஸ் எப்போது தீரும், பால் கார்டு எங்கே என்று மொத்த வீட்டையும் ஓட்டுகிற அம்மாவை யாரும் விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கதைதான். கணக்குப் போடுவது ப்ராஸஸர். பேர் வாங்குவது கிராஃபிக்ஸ் கார்டு. இவர்களுக்கெல்லாம் கரெண்ட் பங்கிட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்த்து, சண்டை வராமல் பார்த்துக்கொள்வது மதர்போர்டு. பாடப் புத்தகத்தில் 'தாய்ப்பலகை' என்று அழகாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். ரிச்சி தெருவில் போய் "ஒரு தாய்ப்பலகை கொடுங்க" என்று கேட்டால் மரக்கடைக்கு வழி சொல்வார்கள். அது வேறு விஷயம்.

ராம் போதவில்லையா, இன்னொன்று செருகலாம். டிஸ்க் நிறைந்துவிட்டதா, மாற்றலாம். மதர்போர்டு மட்டும் அப்படியில்லை. எந்த ப்ராஸஸர் உட்காரும், எந்த ராம் ஏறும், அடுத்த ஐந்து வருஷத்தில் எதை வாங்கலாம், எதைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடலாம்... எல்லாவற்றையும் இன்றைக்கே முடிவு செய்துவிடுகிற சாமான் அது. ஆனால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் கடைசியில், "மிச்சம் இருக்கற காசுக்கு ஏதாவது ஒரு போர்டு போடுங்க" என்று வாங்குகிறார்கள்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோஸாஃப்ட் கைகழுவியது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு என்று ஒரு வருஷம் நோட்டீஸ் பீரியட் மாதிரி கொடுத்தது. "அதுக்கென்ன, விண்டோஸ் 11 போட்டுக்கறேன்" என்று கிளம்பினால் வாசலிலேயே ஒரு கண்டிஷன்: டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சமாசாரம் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராஸஸராவது இருக்க வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர அதற்கு முந்தையவர்களுக்கு இடமில்லை. 2015, 2016-ல் ஆசையாக வாங்கி இன்றைக்கும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் சீனியர் சிட்டிஸன் ஆகிவிட்டன.

அதில் ஒன்று என் நண்பனுடையது. என்னோடு பி.காம். படித்தவன். நான் எழுத வந்துவிட்டேன், அவன் உருப்பட்டுவிட்டான். பகலில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதினாலு சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறான். மளிகை, ஹார்டுவேர், ஃபேன்ஸி ஸ்டோர், ஒரு டயர் கடை... மாதம் 11-ம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று. தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ். விற்பனையே இல்லாத 'நில்' ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். ஃபீஸ் கடைக்காரருக்கு, திட்டு இவனுக்கு. இந்த ராத்திரி வருமானத்தில்தான் மகளின் ஸ்கூல் ஃபீஸ் ஓடுகிறது.

அவன் கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, எச்110 சிப்செட் போர்டு, 8 ஜி.பி. டிடிஆர்4 ராம் ஒரே குச்சி. கையில் சீட்டு எடுத்த பணம் முப்பதாயிரம். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு இரண்டு மூன்று கிளெய்ம் வேறு நிலுவையில் இருந்தது.

"டேய், நீதான் இதையெல்லாம் பிரிச்சு மேயறவனாச்சே. வா, ரிச்சி தெருவுக்குப் போய்ட்டு வந்துடலாம். 11-ம் தேதி ரிட்டர்ன் முடிச்சாச்சு. 20-க்குள்ள எல்லாம் ரெடியாகணும்."

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

நான் காமர்ஸ் படித்தவன். முதலில் வருவது ரிப்பேர் செலவு. மூலதனச் செலவு அப்புறம்தான். "மதர்போர்டு போச்சு சார்" என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் போட்டவுடன் தேதி, நேரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கிறதா? வெப்சைட் எதுவும் திறக்காமல் அடம் பிடிக்கிறதா? அது பெரும்பாலும் போர்டில் இருக்கும் வட்டமான செல் தீர்ந்துபோன அறிகுறி. சிஆர்2032 என்று கேட்டால் சின்னக் கடைகளிலேயே கிடைக்கும். (20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதனால்தான் 2032.) ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறதா? கரெண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூசி தட்டி, திரும்பச் செருகிப் பாருங்கள். பாதி 'போர்டு போச்சு' கேஸ்கள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். வெறுமனே மெதுவாக ஓடுகிறது என்றால், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டாலே பழைய மெஷின் இளமை திரும்பி ஓடும்.

என் நண்பன் விஷயம் வேறு. பதினாலு பேருடைய பாஸ்வேர்டும் கணக்கும் அவன் மெஷினில் இருக்கிறது. பூட்டு ரிப்பேரான வீட்டில் ஊரார் நகையை வைத்திருக்க முடியுமா? மாற்றத்தான் வேண்டும்.

"ப்ராஸஸரை மட்டும் மாத்தினா?"

இதுதான் அவன் முதல் கேள்வி. யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "உங்க போர்டுல 1151 பின். எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 பின். பழைய மார்க்கெட்ல ஒரு ஐ5 வாங்கி மாத்திடுங்க சார், வேலை முடிஞ்சுது."

இங்கேதான் கவனம். ப்ராஸஸர் உட்காரும் ஆசனத்துக்கு ஸாக்கெட் என்று பெயர். 2015-ல் வந்த எல்ஜிஏ1151 ஸாக்கெட்டில் ஆறு, ஏழாம் தலைமுறைகள் ஓடின. 2017-ல் எட்டாம் தலைமுறை வந்தபோதும் அதே 1151 பின்தான். பார்த்தால் அப்படியே உட்காரும். ஆனால் ஓடாது! ப்ராஸஸருக்குக் கரெண்ட் கொடுக்கும் முறை மாறிவிட்டது என்று சொல்லி, 300 வரிசை சிப்செட் போர்டுகள் இருந்தால்தான் ஆச்சு என்றது இன்டெல். சைஸ் சரியாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வருவதும் இதுவும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் இன்டெல் நிற்கவில்லை. 2020-ல் எல்ஜிஏ1200. 2021-ல் எல்ஜிஏ1700. அதில் 12, 13, 14-ம் தலைமுறைகள். 2024-ல் எல்ஜிஏ1851. வாடகை வீட்டுக்காரர் மாதிரி பதினோரு மாதத்துக்கு ஒரு முறை என்று சொல்ல முடியாவிட்டாலும், கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஏஎம்டி கதை வேறு. ஏஎம்4 ஸாக்கெட் 2016-ல் வந்தது. 2017-ல் முதல் ரைஸன், 2020-ல் 5000 வரிசை, 2024-ல்கூட அதே ஸாக்கெட்டுக்குப் புது ப்ராஸஸர் விட்டார்கள். ஆரம்ப கால போர்டுகளுக்கு 5000 வரிசை அனுமதி 2022-ல்தான் முறையாக வந்தது; பயோஸ் அப்டேட் போட்டால்தான் ஓடும். ஆனாலும் போர்டை மாற்றாமல் ப்ராஸஸரை மட்டும் மாற்றி மகிழ்ந்தவர்கள் நிறைய. 2022-ல் வந்த ஏஎம்5-க்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் ஏஎம்5-க்கு ஓட வேண்டியதுதானா? இல்லை. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ப்ராஸஸரை மாற்றத் துடிக்கும் கேம் பிரியர் என்றால் நீண்ட ஆயுள் ஸாக்கெட் உங்களுக்கு லாபம். ஒரு தடவை வாங்கி, எட்டு வருஷம் ஸ்க்ரூவைக்கூட தொடாமல் ஓட்டும் ஆசாமி என்றால், ஸாக்கெட்டின் எதிர்காலத்துக்குக் காசு கொடுப்பது, எப்போதும் ஏறாத மொட்டை மாடிக்கு லிஃப்ட் வைப்பது மாதிரி.

ரிச்சி தெருவில்...

மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் அந்த உலகம். டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால் நமக்கு ரிச்சி தெரு. பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு. இரண்டு பக்கமும் கடை, நடுவில் டூ வீலர், அதற்கு நடுவில் டீ டம்ளரோடு ஒருவர், அவருக்கும் நடுவில் நாம்.

கடைப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே இருந்த போர்டு கோவில் தேர் மாதிரி இருந்தது.

"பாஸ், இது இஸட்790. ஆர்ஜிபி இருக்கு. ஆன் பண்ணா சும்மா கலர் கலரா எரியும் பாருங்க!"

நண்பன் கண்ணில் ஏற்கனவே எரிய ஆரம்பித்துவிட்டது. "சூப்பரா இருக்குடா..."

"ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கலர்ல போடணும்னு ஏதாவது சர்க்குலர் வந்திருக்கா?" என்றேன்.

சிப்செட் என்பதைப் புரிந்துகொள்ள ரயில் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே ஊருக்குத்தான் போகிறது, சௌகரியம்தான் வேறு. இன்டெல்லில் 'எச்' (எச்610) என்பது அன்ரிசர்வ்டு இல்லாவிட்டாலும் ஸ்லீப்பர்: ராம் ஸ்லாட் இரண்டுதான், மற்ற இணைப்புகளும் சிக்கனம். 'பி' (பி760) என்பது த்ரீ டயர் ஏ.ஸி.: நான்கு ராம் ஸ்லாட் வரை, இரண்டு மூன்று எம்.2 ஸ்லாட், பெரும்பாலான குடும்பஸ்தர்களுக்குப் போதும். 'இஸட்' (இஸட்790) என்பது ஃபர்ஸ்ட் கிளாஸ்: ப்ராஸஸரின் வேகத்தை நிர்ணயித்த அளவுக்கு மேல் ஏற்றி ஓட்டும் ஓவர்கிளாக்கிங் இதில்தான். அதுவும் பெயரில் 'கே' என்ற எழுத்துள்ள ப்ராஸஸர் வாங்கினால்தான். 'கே' இல்லாதவர் இஸட் போர்டு வாங்குவது, டிரைவிங் தெரியாதவர் கியர் நிறைய உள்ள வண்டி வாங்குவது. ஏஎம்டி-யில் ஏ, பி, எக்ஸ் என்று மூன்று வகுப்பு. அங்கே 'பி' போர்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம்.

எனக்கென்று ஒரு சின்ன விதி உண்டு: போர்டு விலை ப்ராஸஸர் விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எங்கோ லைட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய குச்சி சொன்ன தீர்ப்பு

அடுத்தது ராம். இங்கே என் நண்பனின் பழைய 8 ஜி.பி. டிடிஆர்4 குச்சிதான் ஹீரோ. ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில். ஒன்றில் இன்னொன்று இறங்காது, அழுத்தினால் உடையும்.

2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொள்ள, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டிடிஆர்4-ம் தப்பவில்லை. ஆனால் ஏற்கனவே கையில் இருக்கும் குச்சிக்கு யார் விலை ஏற்ற முடியும்? ஆகவே டிடிஆர்4 எடுக்கும் போர்டுதான் என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது. இரண்டு வழி: ஏஎம்4, அல்லது எல்ஜிஏ1700.

எல்ஜிஏ1700-ல் ஒரு பொடி வித்தை இருக்கிறது. ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் வரும், டிடிஆர்5 போர்டும் வரும். பெயரின் வாலில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால், வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைக்க வேண்டியதுதான். வாலைப் படியுங்கள்! பழைய குச்சியோடு புதுக் குச்சி சேர்த்தால் இரண்டுமே மெதுவான குச்சியின் வேகத்தில்தான் ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டுக் குடும்பம் அப்படித்தான்.

ஐம்பத்து நாலு ஆம்பியர்!

போர்டில் ஸாக்கெட்டைச் சுற்றி குட்டி குட்டிச் சதுரங்கள், சில சமயம் அதன் மேல் அலுமினியத் தொப்பி இருக்கும். விஆர்எம் என்பார்கள். எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட்டை ப்ராஸஸருக்குத் தேவையான 1.2 வோல்ட் சுமாருக்கு இறக்கித் தருவது இதன் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 65 வாட் ப்ராஸஸர், 1.2 வோல்ட். வகுத்தால் 54 ஆம்பியர்! நம் வீட்டில் ஏ.ஸி., கீஸருக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். 'ஐ5-12400' மாதிரியான 65 வாட் ஆசாமிகூட அவசர வேலை வந்தால் 117 வாட் வரை போகும். இத்தனையும் கட்டைவிரல் அகலத்தில் நடக்கிறது. அதுவும் நம் ஊர் மே மாதத்தில், ஃபேன் மட்டும் உள்ள அறையில்.

அதனால் சின்ன ப்ராஸஸருக்குச் சாதாரண போர்டு போதும். ஐ7, ஐ9, ரைஸன் 9 என்று போனால் அந்த அலுமினியத் தொப்பி இல்லாத போர்டைத் தொடாதீர்கள். காசு கொடுக்க வேண்டியது இந்தத் தொப்பிக்கு, கலர் லைட்டுக்கு இல்லை.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் உலகம் முழுக்க மட்டமான கெபாஸிட்டர்கள் வந்து போர்டு போர்டாகச் செத்தன. தலை தட்டையாக இருக்க வேண்டிய கெபாஸிட்டர், குழிப்பணியாரம் மாதிரி உப்பி, பிசுபிசுவென்று கசியும். இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத ஸாலிட் கெபாஸிட்டர். பழைய போர்டு வாங்குகிறவர்கள் மட்டும் இன்றைக்கும் அந்தத் தலைகளைத் தடவிப் பார்ப்பது நல்லது.

முதுகைப் பாருங்கள்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். போர்டுக்கு முதுகைப் பார்க்க வேண்டும். கேபிள்கள் செருகும் பக்கம் அதுதான்.

நண்பனுக்கு யுஎஸ்பி எத்தனை வேண்டும்? எண்ணினோம்: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பென் டிரைவ், கூட ஒன்று. ஆறுக்குக் குறைந்தால் ஆகாது. அவன் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். போர்டிலும் விஜிஏ இருந்தால் மானிட்டர் செலவு மிச்சம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிற இடம். ப்ராஸஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் (12400எஃப் மாதிரி) உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று வாங்கி, போர்டின் எச்டிஎம்ஐ-யில் கேபிளைச் செருகிவிட்டு, "ஸ்க்ரீன் வரலையே!" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் செய்வார்கள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால்தான் படம் வரும். ஏஎம்4-ல் ரைஸன் 5600-க்கும் இதே கதி. 5600ஜி என்றால் படம் உண்டு. ஓர் எழுத்து!

சைஸ் சமாசாரம் எளிது. ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறைதான் அடிப்படை என்பதால், பழைய ஏடிஎக்ஸ் டப்பாவிலும் புது போர்டு பொருந்தும். போர்டுக்குக் கீழே நிற்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் மட்டும் துளைகளுக்கு நேராக இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் ப்ராஸஸருக்கான 8 பின் கனெக்டர் இருக்கிறதா என்றும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள்.

பயோஸ், பில், பின்

ப்ராஸஸருக்குப் பின்னால் வந்த போர்டு என்றால் கவலையில்லை. போர்டு முந்தி வந்து, ப்ராஸஸர் பிந்தி வந்திருந்தால் பயோஸ் அப்டேட் போட்டால்தான் 'யார் நீ?' என்று கேட்காமல் இருக்கும். 2021-ல் செய்து அட்டைப்பெட்டியில் தூங்கிய போர்டுக்கு 2023-ன் 14-ம் தலைமுறை தெரியாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ப்ராஸஸர் இல்லாமலே பென் டிரைவால் அப்டேட் செய்யும் 'ஃப்ளாஷ்பேக்' பட்டன் இருந்தால் உத்தமம். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பெரிய ப்ராஸஸர்கள் சில தடுமாறியபோது மருந்து பயோஸ் அப்டேட் வழியாகத்தான் வந்தது. ஆகவே கம்பெனி வெப்சைட்டில் உங்கள் போர்டுக்குப் புது பயோஸ் தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பது, கலர் பார்ப்பதைவிட முக்கியம்.

கடைப் பையன் காதோரம் வந்தான். "பாஸ், பில் வேணுமா? பில் இல்லேன்னா பதினெட்டு பர்சென்ட் மிச்சம்!"

யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! நண்பன் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தான். பிறகு மெதுவாக, "தம்பி, உங்க ஓனருக்கு ரிட்டர்ன் யார் போடறா?" என்றான். பையன் டீ வாங்கப் போய்விட்டான்.

பில் இல்லாவிட்டால் வாரன்டி இல்லை. பெரும்பாலான போர்டுகளுக்கு மூன்று வருஷ வாரன்டி. பில்லில் ஸீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா, பெட்டி மேலும் போர்டு மேலும் அதே நம்பர்தானா என்று பாருங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 'புத்தம் புது' எச்61, எச்81 போர்டு மலிவாகக் கிடைக்கும். அதில் ஏறும் ப்ராஸஸர் எதற்கும் விண்டோஸ் 11-ல் இடமில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய இடத்துக்கே புது டிக்கெட் எடுத்த மாதிரி.

கடைசியாக பின். இன்டெல் ஸாக்கெட்டிலும் ஏஎம்5-லும் ஊசிமுனைப் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரன்டியில் கை விரிப்பார்கள். ஸாக்கெட் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கடையிலேயே பாருங்கள். நெல் நாற்று நட்ட மாதிரி வரிசை ஒழுங்காகத் தெரிய வேண்டும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரன்டிக்குத் திருப்பி அனுப்பும்போது அதையும் கேட்பார்கள்.

போர்டு மாற்றும் முன்...

* மொத்த டேட்டாவையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ-யைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் அது கேட்கும்.

* கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு தாலி கட்டிக்கொண்டது. புது போர்டுக்கு வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் வரும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

* டிபிஎம் சில போர்டுகளின் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டி-யில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

* மானிட்டர், எஸ்எம்பிஎஸ், ராம் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஞாபகசக்தியை நம்பாதீர்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது: பி760 சிப்செட், டிடிஆர்4, மைக்ரோ ஏடிஎக்ஸ், நாலு ராம் ஸ்லாட், முதுகில் விஜிஏ. அதில் 'எஃப்' இல்லாத 12400. 12-ம் தலைமுறைக்குப் பிறகு, 2023-ல் வந்த சிப்செட் என்பதால் பயோஸ் தொல்லை இல்லை. இந்த ஸாக்கெட்டில் 14-ம் தலைமுறையோடு பாதை முடிகிறது, தெரியும். எட்டு வருஷம் ஸ்க்ரூவைத் தொடாத ஆளுக்கு அது போதும். இதே பணத்தோடு ஒரு கேம் பிரியன் வந்திருந்தால், ராம் செலவைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்று ஏஎம்5 பக்கம் போகச் சொல்லியிருப்பேன். டப்பா, மானிட்டர், ராம் எல்லாம் பழசு. ஒரு எஸ்எஸ்டி புதுசு. லைட்டுக்குக் கொடுக்காத காசில் ஒரு யுபிஎஸ். பாதி ரிட்டர்னில் கரெண்ட் போனால் எந்த ப்ராஸஸரும் காப்பாற்றாது.

18-ம் தேதி ராத்திரி விண்டோஸ் 11 ஏறியது. 20-ம் தேதி பதினாலு கடைக்கும் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. ஒரு கடைக்கும் லேட் ஃபீஸ் இல்லை.

எல்லாம் முடிந்து காபி வந்தது. நண்பனின் மனைவி டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முப்பதாயிரத்துல என்னங்க மாத்தினீங்க? அதே டப்பா, அதே மானிட்டர். ஒரு லைட்டு கூட எரியலையே?"

"மதர்தான் புதுசு" என்றான் பெருமையாக.

காபி டம்ளர் பாதியில் நின்றது.

"யாரு, உங்க மதரா? எப்ப வராங்க?"